பேயை ஒப்புக்கொள்கிறோம், கேமராவை ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் (கண்டெடுத்த காட்சி) வகைப் பேய்ப்படம் முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் காதில் விழும்: "இத்தனை நடக்குது, அவன் ஏன் கேமராவக் கீழ போட்டுட்டு ஓடல?" படத்தில் கதவு தானாகத் திறந்திருக்கும், செத்தவள் குரல் கேட்டிருக்கும், கூட வந்தவன் காற்றோடு மறைந்திருப்பான். இவை பற்றி யாருக்கும் புகார் இல்லை. புகாரெல்லாம் கேமராவைப் பிடித்த கையின் மேல்தான்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரமான புகார். செத்தவர் நடமாடுவது நடக்காத காரியம். பயந்துபோனவன் செல்போனை விடாமல் பிடித்திருப்பதோ நாள்தோறும் விபத்து நடந்த இடங்களில் நாம் பார்க்கும் காரியம். நடக்காததைச் சும்மா விட்டுவிட்டு, நடக்கக்கூடியதோடு ஏன் மல்லுக்கு நிற்கிறோம்? இந்த வகைப் படங்கள் பார்வையாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் விடை இருக்கிறது. அந்த ஒப்பந்தம் மற்றப் படங்களின் ஒப்பந்தத்தைவிடக் கறாரானது.

முதலில், எது ஃபவுண்ட் ஃபுட்டேஜ்?

கை நடுக்கத்தோடு எடுத்த படமெல்லாம் இந்த வகையில் சேராது. மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. கேமரா கதைக்குள் இருக்கும் பொருள். கதாபாத்திரங்களுக்கு அது அங்கே இருப்பது தெரியும்.
2. படம் பிடிப்பவர் கதைக்குள் இருக்கும் ஆள். அவருக்கும் ஆபத்து வரலாம்.
3. எடுத்த காட்சி பிறகு யாரோ ஒருவர் கையில் கிடைத்து, அவர் மூலம் நம்மிடம் வந்ததாகப் படம் பாவிக்கிறது.

மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் மட்டும் இருந்தால் அது போலி ஆவணப்படம். கணினித் திரை, வீடியோ அழைப்பு வழியாகவே கதை நகரும் படங்களும் நெருங்கிய சொந்தம்தான். கொரோனா ஊரடங்கின்போது, 2020இல், ஜூம் அழைப்பு ஒன்றுக்குள்ளேயே முழுக்கதையும் நடப்பதாக 'ஹோஸ்ட்' என்ற ஒரு மணி நேரத்துக்கும் குறைவான ஆங்கிலப் பேய்ப்படம் வந்தது. அங்கே 'ஏன் படம் பிடிக்கிறார்கள்' என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது.

நம்புவது என்றால் என்ன?

தியேட்டரில் யாரும் எதையும் உண்மையாக நம்புவதில்லை. நம்பினால் முதல் அலறலிலேயே போலீசுக்குப் போன் போட்டிருப்போம். நாம் செய்வது வேறு: அவநம்பிக்கையை நாமாக விரும்பிக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வைக்கிறோம். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் 1817இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கவிதையில் அமானுஷ்யப் பாத்திரங்களை வாசகர் எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்று விளக்கப்போன இடத்தில் சொன்னது அது. ஆக, இந்தக் கருத்து பிறந்ததே பேய்க்கதைப் பக்கத்தில்தான்.

தமிழ் இலக்கணத்தில் இதைப் பேசுவதற்கு இன்னும் வசதியான கருவி இருக்கிறது. தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைப் பிரித்து, பாடல் இரண்டாலும் ஆனது என்கிறது. உலகத்தில் நடப்பது ஒன்று, கலைக்காக நாம் ஒப்புக்கொண்டது இன்னொன்று. சேலம், தர்மபுரிப் பக்கத்துக் கூத்தில் மீசை வழித்த ஆண் பாஞ்சாலியாக வந்து நிற்கும்போது யாரும் 'இது ஆம்பளையாச்சே' என்று எழுந்து போவதில்லை. அது நாடக வழக்கு. துகில் உரியும் இடத்தில் முன்வரிசைப் பாட்டி அழுவதும் பொய்யல்ல.

சேலத்துச் சினிமாவே இந்த நாடக வழக்கில் வளர்ந்ததுதான். ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சி நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ், 1940இல் 'உத்தம புத்திரன்' எடுத்து பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் இறக்கியது. 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் கொடுத்தது. ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவதும், மந்திரம் சொன்னால் குகை திறப்பதும் தந்திரம் என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். தந்திரம் தெரிந்தும் ரசிப்பதுதான் அங்கே இன்பம்.

இந்த வகைப் படம் எதைத் துறக்கிறது?

சாதாரணப் பேய்ப்படத்தில் கேமரா என்ற ஒன்றே கதைக்குள் இல்லை. பூட்டிய அறையில் தனியாக இருக்கும் பெண்ணை எதிரே நின்று காட்டும், மறுநொடி கூரையிலிருந்து காட்டும். வயலின் அழும். எங்கிருந்து என்று கேட்க மாட்டோம். எல்லாம் நாடக வழக்கில் அடக்கம்.

ஃபவுண்ட் ஃபுட்டேஜ் படம் தொடக்கத்திலேயே ஒரு சத்தியம் செய்கிறது: 'இதில் நாடக வழக்கு எதுவும் கிடையாது, எல்லாம் உலகியல்.' அதனால் கிடைக்கும் லாபம் பெரியது. செலவே இல்லாமல் ஆவணத்தின் கனம் வந்துவிடுகிறது. 2007இல் ஓரன் பெலி என்பவர் தன் சொந்த வீட்டிலேயே சுமார் 15,000 டாலரில் எடுத்த 'பாரானார்மல் ஆக்டிவிட்டி', 2009இல் பரவலாக வெளியாகி உலக அளவில் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது இந்த லாபத்தால்தான். ஆனால் சத்தியம் செய்தவரிடம் சத்தியப்படி நடக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை பார்வையாளருக்கு வந்துவிடுகிறது. அது இப்படி வேலை செய்கிறது:

1. பேய் என்பது கதையின் தொடக்க அனுமானம். அதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வந்தோம். அதன் கணக்கு வாசலிலேயே முடிந்தது.
2. கேமரா, மனிதர்கள், பேச்சு, நேரம், இடம் எல்லாம் உலகியல் என்று படமே சொல்லிவிட்டது. ஆகவே அவற்றை உலகியல் அளவுகோலால்தான் அளப்போம்.
3. அந்த அளவில் ஒன்று தவறினாலும், தவறியது அந்த ஒரு காட்சி மட்டும் இல்லை. 'இது கண்டெடுத்தது' என்ற சத்தியமே பொய்யாகிறது. சத்தியம் போனால் அதன் தோளில் ஏறி வந்த பேயும் இறங்கிவிடும்.

நடக்கக்கூடியதானாலும் நம்ப முடியாததைவிட, நடக்கவே முடியாததானாலும் நம்பும்படி இருப்பதே கதைக்கு நல்லது என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். கேமராவைப் பற்றிய புகாரின் இலக்கணம் அதுதான்.

மூன்று பேர், ஒரு கார், ஏற்காடு

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கற்பனைப் படத்தை எடுத்துச் சோதிப்பது எளிது. சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து மூன்று நண்பர்கள் யூடியூப் சேனலுக்காக ஏற்காடு ஏறுகிறார்கள். நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பழைய பங்களா ஒன்றில் ஓர் இரவு தங்கிப் படம் பிடிப்பது திட்டம். (பங்களாவும் கற்பனைதான். தேடிப் போக வேண்டாம்.) இந்தப் படம் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

1. ஏன் எடுக்கிறார்கள்?

இன்றைக்கு இது கேள்வியே அல்ல. 1999இல் வந்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' படத்தில் மூவரையும் திரைப்பட மாணவர்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஸ்பெயினில் 2007இல் வந்த 'ரெக்' படத்தில் தொலைக்காட்சி நிருபரும் கேமராக்காரரும் தேவைப்பட்டார்கள். இன்று வ்லாக் என்று ஒரு சொல் போதும்.

2. ஏன் நிறுத்தவில்லை?

படம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். இதுவரை வந்த படங்கள் சொன்ன பதில்களைத் தொகுத்தால் நான்கு வகை தேறும்.

முதலாவது, யாரும் பிடிக்காத கேமரா. 'பாரானார்மல் ஆக்டிவிட்டி' படுக்கையறையில் கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டது. இதைவிடச் சுத்தமான விடை இன்னும் வரவில்லை என்பேன். ஆள் ஓடினாலும் கேமரா ஓடாது. அசையாத சட்டகத்தில் எங்கே எது நகரும் என்று நம் கண்ணே தேடித் தேடிப் பயத்தை உண்டாக்கிக்கொள்ளும். நம் கதையில் காரின் டேஷ்கேமும், தோட்டத்து வாயிலில் இருக்கும் சிசிடிவியும் இந்த வேலையைச் செய்யும்.

இரண்டாவது, தொழில். நிருபருக்கு நிறுத்தக்கூடாது என்ற கட்டாயம் உண்டு. வ்லாகருக்கும் 'வியூஸ்' என்ற கட்டாயம் ஓரளவுக்கு உண்டு, முதல் ரத்தம் வரைக்கும். அதற்குமேல் அந்தக் காரணம் தாங்காது.

மூன்றாவது, மனம். திரை வழியே பார்க்கும்போது எதிரே நடப்பது கொஞ்சம் தள்ளிப்போகிறது. பிளேர் விட்ச்சில் ஒரு பாத்திரம் இன்னொருத்தியிடம் இதைத்தான் சொல்லிக்காட்டும்: கேமரா வழியாகப் பார்ப்பது வடிகட்டிய நிஜம், அதனால்தான் உனக்கு அது பிடித்திருக்கிறது என்று. பார்வையாளர் கேட்கப்போகும் கேள்வியைப் பாத்திரமே கேட்டுவிடுவது கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் ஒரு படத்தில் ஒருமுறைதான் செல்லுபடியாகும்.

நான்காவது, வெளிச்சம். கரண்டு போன பங்களாவில் கையில் இருக்கும் ஒரே விளக்கு செல்போன் டார்ச். கேமராவை எறிந்தால் இருட்டு. ஆகவே பிடித்திருக்கிறான். பலரும் இதைத்தான் எழுதுவார்கள், ஏற்காட்டில் எடுக்கப்போகிறவர் எழுதும்முன் ஒருமுறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டபின் மூடுபனி இறங்கினால் நிலைமை தலைகீழ். செல்போனில் டார்ச்சும் லென்சும் விரல் அகலத்துக்குள் இருக்கின்றன. டார்ச் ஒளி முன்னால் இருக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேராக லென்சுக்கே திரும்பி வரும். திரை முழுக்க வெள்ளைச் சுவர். மலைப்பாதை ஓட்டுநர்கள் மூடுபனியில் ஹை பீமை அணைத்து லோ பீமில் வருவதும் இதே காரணத்துக்காகத்தான். ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூடக் கிடைக்காது. முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், சில்வர் ஓக் மரம் ஒரு நொடி தெளியும், கரையும், மறுபடி தெளியும். டார்ச்சை அணைத்தால் கொஞ்சம் தெரியும், ஆனால் போன் வெளிச்சத்துக்காகத் திணறிப் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், அசையும் உருவமெல்லாம் இழுபடும்.

ஆக, வீட்டுக்குள் இருந்தால் விளக்கு வேண்டும், வெளியே வந்தால் விளக்கே குருடாக்கும். கதைக்கு இதைவிட நல்ல சிக்கல் கிடைக்காது. "லைட்ட ஆஃப் பண்ணுடா, ஒண்ணும் தெரியல" என்று ஒருவன் கத்தும் இடத்தில் கேமரா ஏன் ஓடுகிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்க நேரமிருக்காது.

இதோடு பேட்டரிக் கணக்கும் சேரும். முழு எச்டியில் ஒரு நிமிட வீடியோ, பதிவு முறையைப் பொறுத்து ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி வரை பிடிக்கும். இடம் அவ்வளவு சிக்கல் இல்லை, நான்கு மணி நேரம் எடுத்தாலும் 32 ஜிபிக்குள் அடங்கும். டார்ச் எரிந்துகொண்டே வீடியோ ஓடினால் பேட்டரிதான் விடியும்வரை தாங்காது. இரவெல்லாம் எடுத்தும் சார்ஜரைப் பற்றி ஒரு பேச்சுகூட வராத படத்தை இன்றைய பார்வையாளர் மன்னிக்க மாட்டார். சதவீதம் குறைவதை நாளெல்லாம் பார்த்துக் கவலைப்படுகிறவர் அவர்.

3. யார் கண்டெடுத்தார், யார் கோத்தார்?

இந்த வகையின் பெயரே இந்தக் கேள்வியில் இருக்க, பெரும்பாலான படங்கள் இதைத்தான் ஓர் அட்டையில் இரண்டு வரி எழுதித் தாண்டிவிடுகின்றன. பிளேர் விட்ச் 1994இல் மாணவர்கள் காணாமல் போனார்கள், ஓராண்டு கழித்துப் படச்சுருள் கிடைத்தது என்றது. காட்டில் கிடந்த படச்சுருளுக்கும் வீடியோ டேப்புக்கும் பூட்டு இல்லை.

செல்போனுக்கு உண்டு. மூன்று பேரும் இறந்துவிட்டார்கள் என்றால் கைரேகைப் பூட்டை யார் திறந்தது? ஆள் காணவில்லை என்று புகார் பதிவான மறுநாளே போன் போலீஸ் கைக்குப் போயிருக்கும். கிடைத்தது வழக்குச் சொத்தாகி, நீதிமன்றப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலைக்கு முன் இதே வேலையைப் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி செய்தது. இவ்வளவையும் தாண்டி அது எப்படிப் பின்னணி ஒலி சேர்ந்து மல்டிபிளக்ஸுக்கு வந்தது?

தப்பிக்க வழி இருக்கிறது. டேஷ்கேம், ஆக்‌ஷன் கேமரா ஆகியவற்றின் மெமரி கார்டுக்கு வழக்கமாகப் பூட்டு கிடையாது. அல்லது, சிக்னல் கிடைத்த வளைவுகளில் மட்டும் காட்சிகள் தானாக கிளவுடில் ஏறின என்று வைத்துக்கொள்ளலாம். மலையில் சிக்னல் வந்து வந்து போகும் என்பது ஏற்காடு போனவர்க்கெல்லாம் தெரியும். அப்போது படத்தில் இருக்கும் வெட்டுகளுக்கும் காரணம் கிடைக்கிறது: ஏறாத துண்டுகள் நமக்குக் கிடைக்கவில்லை. முக்கியமான கணம் ஏறாமலே போனது என்றால் இன்னும் நல்லது.

4. உள்ளூர்க்காரர் ஒப்புக்கொள்வாரா?

வெளியூர்ப் படங்களை நாம் பார்க்கும்போது இந்தச் சோதனை நடப்பதே இல்லை. பிளேர் விட்ச் நடக்கும் மேரிலாந்துக் காட்டில் எந்த மரம் எங்கே இருக்க வேண்டும் என்று நமக்கென்ன தெரியும்? சேலத்துக்காரருக்குத் தன் மலை தெரியும். அடிவாரத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. பின்னால் ஓடும் பலகையில் 14 தெரிந்துவிட்டு அடுத்த வெட்டில் 9 வந்தால், கார் மேலே போகிறதா கீழே போகிறதா என்று தியேட்டரே கேட்கும். குப்பனூர் வழியாக ஏறியதாகக் காட்டிவிட்டு இந்த வளைவுகளை நுழைத்தால் அவ்வளவுதான்.

பேச்சும் அப்படியே. சேலத்துப் பையன்கள் பயந்தால் எப்படிப் பேசுவார்கள் என்பது எழுதிக் கொடுத்து வருவதில்லை. பிளேர் விட்ச் நடிகர்களுக்கு வசனம் தரவில்லை. அன்றன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பை டப்பாவில் போட்டுக் காட்டில் வைத்துவிடுவார்கள், மீதியை நடிகர்களே பேசிக்கொள்வார்கள். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுவதும், பாதியில் விட்டுப் போவதும் அப்படி வந்தவை. நம் ஊரில் டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகத் துடைத்துப் பதிவு செய்யும் பழக்கம் இன்னும் போகவில்லை. காற்று மைக்கில் மோதும் சத்தம் இல்லாத மலை வீடியோ நொடியில் காட்டிக்கொடுக்கும்.

அச்சத்தின் நான்கு வாசல்

கேமரா, பேட்டரி, பலகை எல்லாம் சரியாக இருந்தும் பயம் வராத படங்கள் உண்டு. நம்பகத்தன்மை தடையை நீக்கும், பயத்தைத் தானாகக் கொடுத்துவிடாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்றது பேய், தெய்வம் போன்றவை. இறை என்றது இங்கே அரசன் முதலான அதிகாரம் உடையோர். திரைக்கதை எழுதுகிறவர் இந்த வரிசையை ஒருமுறை பின்னோக்கிப் படித்துப் பார்க்கலாம்.

நம் மூவர் பங்களாவில் இருக்கிறார்கள். முதலில் வருவது இறை பற்றிய பயம்: அனுமதியில்லாமல் தோட்டத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள், காவலாளி பார்த்தால் போலீஸ். அடுத்து கள்வர்: தொலைவில் டார்ச் ஒளி, காப்பிப் பழமோ மிளகோ திருட வந்தவர்களாக இருக்கலாம். அடுத்து விலங்கு: புதருக்குள் கனமான மூச்சு, மரக்கிளை முறிகிறது. ஏற்காட்டில் அது காட்டெருமையாக இருக்க எல்லா நியாயமும் உண்டு. இந்த மூன்றும் உலகியல் பயங்கள். இவற்றுக்கு நம் அவநம்பிக்கையை ஒதுக்க வேண்டிய வேலையே இல்லை. நிஜமாகவே அங்கே நின்றாலும் பயப்படுவோம்.

படம் இந்த மூன்று விளக்கங்களையும் எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருக்கிறதோ அவ்வளவு நேரம் பார்வையாளர் முழு நம்பிக்கையோடு பயப்படுகிறார். அணங்கு வெளிப்படையாக முகம் காட்டும் நொடியில் நாடக வழக்கு திரும்பி வந்துவிடுகிறது. மேக்கப் தெரியும், கிராஃபிக்ஸ் தெரியும். பிளேர் விட்ச் சூனியக்காரியைக் கடைசிவரை காட்டவே இல்லை என்பதைச் சிக்கனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. தமிழில் தயாரிப்பாளர் 'பேய் எங்கே?' என்று கேட்பார் என்பதும் தெரிந்ததே.

நம் தியேட்டருக்கே உரிய இடைஞ்சல்கள்

'இது நிஜமாகக் கிடைத்த வீடியோ' என்ற பாவனைக்கு இந்தியத் தியேட்டரில் படம் தொடங்கும் முன்பே சில அடிகள் விழுகின்றன. தணிக்கைச் சான்றிதழ் முழுத்திரையில் வரும். 'இப்படத்தில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்ற அட்டை வழக்கமாக வரும். நன்றி அட்டைகள், நிறுவனச் சின்னங்கள், ரசிகர் மன்ற வாழ்த்து என்று வரிசை நீளும்.

வேடிக்கையானது புகையிலை எச்சரிக்கைதான். 2012 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பாத்திரம் புகைபிடிக்கும் காட்சியில் எச்சரிக்கை வாசகம் திரையின் அடிப்பகுதியில் நின்றாக வேண்டும். நம் பையன் பதற்றத்தில் ஒரு சிகரெட் பற்றவைத்தால், காணாமல் போனவனின் செல்போன் வீடியோவில் 'புகைபிடித்தல் உடல் நலத்திற்குத் தீங்கானது' என்று யாரோ எழுதியிருப்பார்கள். ஓடிடிக்குப் போனாலும் தப்ப முடியாது, 2023 செப்டம்பரிலிருந்து விதி அங்கேயும் வந்துவிட்டது. எளிய தீர்வு, யாரும் புகைபிடிக்கக் கூடாது.

இடைவேளை இன்னொன்று. பயம் ஒரே மூச்சில் ஏறவேண்டிய கதையில் நடுவில் பாப்கார்ன் வாங்கப் போக வேண்டியிருக்கிறது. பின்னணி இசை இல்லாத இரண்டு நிமிட மௌனத்தை நம் தியேட்டர் எளிதில் விடாது, முன்வரிசையிலிருந்து ஒரு கமெண்ட் வரும், அதற்குச் சிரிப்பு வரும். சத்தமில்லாத படங்களைத் தனியாக, இரவில், ஹெட்போனில் பார்ப்பவர்களே நம் ஊரில் அதிகம் பயந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேல் முகம். தெரிந்த நடிகர் திரையில் வந்தால் 'காணாமல் போன இளைஞர்' என்ற கதை அந்த நொடியே முடிந்தது. போன வாரம்தான் அவர் வேறொரு படத்தின் இசை வெளியீட்டில் பேசியிருப்பார்.

பொய் தியேட்டரைத் தாண்டினால்

சில படங்கள் சத்தியத்தைத் திரைக்கு வெளியேயும் நீட்டின. இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜெரோ தியோதாத்தோ 1980இல் எடுத்த 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படத்துக்குப் பிறகு, நடிகர்களை உண்மையாகவே கொன்றுவிட்டார் என்ற குற்றச்சாட்டை எதிர்கொண்டார். அவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டித்தான் மீள முடிந்தது. (விலங்குகளைக் கொன்றது மட்டும் நடிப்பல்ல. அந்தப் படத்தின் மேல் அழியாத கறை அது.) பிளேர் விட்ச் குழு நடிகர்களின் சொந்தப் பெயரையே பாத்திரங்களுக்கு வைத்து, 'காணவில்லை' துண்டறிக்கை ஒட்டி, இணையதளத்தில் வழக்கு விவரம்போல் தகவல்களை அடுக்கியது. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி முன்கூட்டியே பதிவு செய்த பேய் நாடகம் ஒன்றை நேரலைபோல ஒளிபரப்பியது. மக்கள் தினமும் பார்க்கும் நிஜ அறிவிப்பாளர்களே அதில் வந்ததால் தொலைபேசிகள் அதிர்ந்தன. பிபிசி அதன் பிறகு அந்த நிகழ்ச்சியைத் தன் அலைவரிசையில் மறு ஒளிபரப்பு செய்யவில்லை.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை வைத்து ஒருவர் இதே உத்தியைக் கையாண்டால் பின்விளைவு யார் தலையில் விழும்? உண்மையான பங்களா ஒன்றின் பெயரைச் சொன்னால் மறுவாரமே இரவு பதினொரு மணிக்கு வண்டிகள் அங்கே போய் நிற்கும். காவலாளிக்குத் தூக்கம் போகும். மூடுபனியில் வளைவில் வண்டி கவிழலாம். வாட்ஸ்அப்பில் துண்டுக் காட்சி படப்பெயர் இல்லாமல் சுற்றும், அதைப் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இன்னொரு சோம்பேறித்தனமும் உண்டு. 'மலைவாழ் மக்களின் பழைய சாபம்' என்று ஒரு பின்கதை. மலையாளிப் பழங்குடியினர் இந்த மலையில் விவசாயம் செய்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா எடுத்து வாழ்கிற மக்கள். உலகியல் என்று சத்தியம் செய்யும் படம் அவர்களை மட்டும் மந்திரவாதிகளாகக் காட்டினால், அந்தப் பொய்க்குக் 'கற்பனையே' அட்டை பரிகாரம் ஆகாது. ஆவணத்தின் கனத்தைக் கடன் வாங்கியவர் ஆவணப்படக்காரரின் பொறுப்பிலும் பாதியாவது சுமக்க வேண்டும்.

இனி நடுக்கம் மட்டும் போதாது

1999இல் ஆடும், மங்கிய, புள்ளி விழுந்த காட்சி என்றாலே நிஜம் என்ற எண்ணம் இருந்தது. ஸ்டூடியோ அப்படி எடுக்காது என்பது பொதுப்புத்தி. இன்று அந்த அடையாளங்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவுச் செயலிக்கு ஒரு வரிக் கட்டளை. 'மூடுபனி மலைப்பாதை, கை நடுக்கம், சிசிடிவி தோற்றம்' என்று எழுதினால் வந்துவிடும். அதனால் பார்வையாளரின் தொடக்க நிலையே மாறியிருக்கிறது: முன்பு மறுப்பதற்குக் காரணம் தேடினார், இப்போது ஏற்பதற்குக் காரணம் தேடுகிறார்.

தோற்றம் சாட்சி சொல்லாதபோது மிஞ்சுவது தொடர்ச்சிதான். பரவும் வீடியோ ஒன்று உண்மையா என்று பார்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள்? பின்னணியில் பலகை என்ன, நிழல் எந்தப் பக்கம், அன்று மழை பெய்ததா, அதே சம்பவத்தை வேறு யாரும் வேறு கோணத்தில் எடுத்தார்களா என்று ஒப்பிடுகிறார்கள். நம் ஏற்காட்டுக் கதைக்கும் அதே வழிதான். டேஷ்கேமில் 11.40க்கு ஹாரன் சத்தம் கேட்டால், பங்களாவுக்குள் இருக்கும் செல்போன் வீடியோவில் அதே 11.40க்குத் தொலைவில் அந்த ஹாரன் கேட்க வேண்டும். ஒருவன் கேட்டதை இன்னொரு கருவி உறுதி செய்யும்போது எந்த அலங்காரமும் தராத நம்பிக்கை வருகிறது. பிறகு ஒரே ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பதிவுகளும் ஒத்துப்போகாமல் விட்டால் போதும். செல்போனில் மூன்று பேர் பேசுகிறார்கள், அதே நிமிடத்து சிசிடிவியில் நான்கு பேர் நடக்கிறார்கள். மேக்கப் தேவையில்லை.

அப்படி ஒன்றை எழுத உட்காருகிறவர் முதலில் தயாரிக்க வேண்டியது ஓர் அட்டவணை: ஒவ்வொரு துண்டுக் காட்சிக்கும் எந்தக் கருவி, யார் கையில், மணி எத்தனை, பேட்டரி எவ்வளவு, வெளிச்சம் எங்கிருந்து, சிக்னல் உண்டா, கடைசியில் இது யாரிடம் போய்ச் சேர்ந்தது. வசனத்தை அதற்குப் பிறகு எழுதலாம், அல்லது பையன்களிடமே விட்டுவிடலாம்.